சர்க்கரை போன பிறகு மிச்சம் என்ன? வீட்டில் ஆப்பிள் சைடர்

‘சைடர்’ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வினிகர் பாட்டில்தான். குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் வடிகட்டாத ஆப்பிள் சாற்றுக்கே சைடர் என்று பெயர். அது நொதித்து மதுவாகிவிட்டால் ‘ஹார்ட் சைடர்’. பிரிட்டனில் சைடர் என்றாலே மதுதான். அந்த மதுவைக் காற்றாடத் திறந்து வைத்தால் பாக்டீரியா குடியேறி ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கிவிடும், அதுதான் சைடர் வினிகர். இங்கே பேசப்போவது வினிகருக்கு ஒரு படி முந்தைய சரக்கைப் பற்றி.

வீட்டில் மது நொதிக்க வைப்பது சில நாடுகளில் அனுமதி, சில நாடுகளில் குற்றம். உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். நொதிக்க வைப்பது வேறு, காய்ச்சி வடிப்பது வேறு. பின்னதன் பக்கமே இந்தப் பதிவு போகாது.

சைடரில் கை வைப்பவர்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆப்பிள் சாற்றில் இருக்கும் சர்க்கரை மூன்று வகை: ஃப்ரக்டோஸ், குளுக்கோஸ், சுக்ரோஸ். மூன்றையும் ஈஸ்ட் மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். பீரில் அப்படி இல்லை. ஈஸ்டால் செரிக்க முடியாத டெக்ஸ்ட்ரின் மிஞ்சும், அதனால் பீருக்கு ஒரு கனம் இருக்கும். சைடரில் அந்த மெத்தை கிடையாது. சாற்றைக் குடிக்கும்போது நாக்கை நிறைத்த இனிப்பு முழுக்கப் போய்விடும். அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த புளிப்பு, துவர்ப்பு, வாசனை இந்த மூன்றும்தான் கோப்பையில் வந்து நிற்கும். இனிப்பைக் கழித்துவிட்டு ஒரு சாற்றை ருசி பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சாறு

சாப்பிடுவதற்கென்றே வளர்க்கும் காலா, ஃபூஜி, ரெட் டெலிஷியஸ் போன்ற ஆப்பிள்களில் இனிப்பு தாராளம், புளிப்பு சுமார், துவர்ப்பு ஏறக்குறைய பூஜ்யம். இவற்றை மட்டும் வைத்துச் செய்தால் கிடைப்பது மெல்லிய, தண்ணீர் மாதிரியான, ஞாபகத்தில் நிற்காத ஒரு பானம். கெட்டுப்போயிருக்காது, ஆனால் இரண்டாவது கோப்பை கேட்கத் தோன்றாது. கிரானி ஸ்மித், பிராம்லி போன்ற புளிப்பு ரகங்களை மூன்றில் ஒரு பங்கு கலந்தால் முதுகெலும்பு வந்துவிடும்.

சைடருக்கென்றே வளர்க்கும் ரகங்கள் தனி ஜாதி. இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே இருந்த லாங் ஆஷ்டன் ஆய்வு நிலையம் (தொடங்கியது 1903-ல்) வகுத்த பாகுபாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அமிலம் 0.45 சதவீதத்துக்கு மேலா கீழா, டானின் (துவர்ப்பைத் தரும் பொருள்) 0.2 சதவீதத்துக்கு மேலா கீழா என்று இரண்டே கேள்வி. இரண்டும் குறைவு என்றால் இனிப்பு ரகம். அமிலம் மட்டும் கூடுதல் என்றால் புளிப்பு ரகம். டானின் மட்டும் கூடுதல் என்றால் கசப்பினிப்பு ரகம், டாபினெட் இதில் சேர்த்தி. இரண்டும் கூடுதல் என்றால் கசப்புப்புளிப்பு ரகம். கிங்ஸ்டன் பிளாக் இந்த வகை. அதைத் தனியாகவே பிழிந்து சைடராக்கலாம் என்பதால்தான் அதற்கு அவ்வளவு பெயர். இவை கிடைக்காதவர்கள் சோர்ந்துபோக வேண்டாம், துவர்ப்பை வேறு வழியில் கொண்டுவரலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பழத்திலிருந்து தொடங்குவதாக இருந்தால் 5 லிட்டர் சாற்றுக்கு 8 முதல் 10 கிலோ வரை ஆப்பிள் வேண்டும். பழம் மரத்திலிருந்து வந்ததும் பிழியக் கூடாது. ஒன்றிரண்டு வாரம் குளிர்ந்த இடத்தில் கிடக்கட்டும். மாவுச்சத்து சர்க்கரையாகும், கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகக் குழி விழும். அதுதான் பதம். அழுக்கைக் கழுவி, அழுகிய இடத்தை வெட்டி எறியுங்கள். அடிபட்டுப் பழுப்பானது பரவாயில்லை. பூஞ்சை பிடித்தது ஆகவே ஆகாது. அதில் பாட்டுலின் என்ற நச்சு உருவாகும். அரைக்க இயந்திரம் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: பழத்தைத் துண்டாக்கி ஃப்ரீசரில் கல்லாக உறைய வைத்து, பிறகு உருகவிட்டுப் பிழியுங்கள். உறையும்போது பனிப்படிகம் செல்சுவர்களைக் கிழித்துவிடும். உருகிய துண்டு ஊறின பஞ்சு மாதிரி தளர்ந்து கிடக்கும், கையால் அழுத்தினாலே சாறு கொட்டும்.

பெட்டியில் வரும் சாற்றை வாங்குவதிலும் அவமானம் எதுவும் இல்லை. முதல் முறை செய்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். லேபிளைப் படியுங்கள். பொட்டாசியம் சோர்பேட், சோடியம் பென்சோயேட் என்று இருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். இரண்டும் ஈஸ்ட் பெருகாமல் தடுப்பதற்கென்றே சேர்க்கப்படுபவை. அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, இருந்தால் பாதகமில்லை.

சாறு கைக்கு வந்ததும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அடர்த்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் சாறு பெரும்பாலும் 1.045-க்கும் 1.055-க்கும் நடுவே காட்டும். முடிவில் காட்டும் எண்ணை இதிலிருந்து கழித்து 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம். 1.050-ல் தொடங்கி 1.000-ல் முடிந்தால் 6.5 சதவீதம். சாறு நீர்த்திருந்தால் சர்க்கரை சேர்க்கலாம், ஒரு புள்ளி (0.001) ஏற்ற லிட்டருக்கு 2.6 கிராம். 5 லிட்டரை 1.044-லிருந்து 1.050-க்குக் கொண்டுவர 78 கிராம் போதும். இதற்கு மேல் அள்ளிக் கொட்டாதீர்கள். ஆல்கஹால் ஏறுமே தவிர ஆப்பிள் ஏறாது. 9 சதவீதத்தைத் தாண்டிய சைடரில் தொண்டை எரிச்சல்தான் முன்னால் வந்து நிற்கும். ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கு அளவிடப்பட்டது. அதன் தண்டில் ஒட்டும் குமிழ்கள் அதைத் தூக்கிக் காட்டும், ஒரு சுழற்று சுழற்றி அவற்றை உதறிவிட்டு அப்புறம் எண்ணைப் படியுங்கள்.

அதே சமயம் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) பார்த்துவிடுங்கள். 3.2 முதல் 3.8 வரை இருக்க வேண்டும். 3.8-க்கு மேலே போனால் கெடுக்கும் பாக்டீரியாவுக்குக் கதவைத் திறந்து வைத்ததற்குச் சமம்; ஆப்பிளுக்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் சேர்த்து இறக்க வேண்டும். காகிதப் பட்டை ரொம்பத் துல்லியமாக இருக்காது. இந்தப் பொழுதுபோக்கில் காசு செலவழிக்கத் தகுந்த ஒரே கருவி ஒரு நல்ல பி.எச். மீட்டர் என்பது என் கட்சி.

பாத்திரம், சுத்தம், கந்தகம்

5 லிட்டர் கண்ணாடி ஜாடி, அதற்குப் பொருந்தும் ரப்பர் அடைப்பான், ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி), சைஃபன் குழாய், ஹைட்ரோமீட்டர். இவ்வளவுதான் சாமான். பளபளவென்று இருப்பதால் கிருமி இல்லை என்று ஆகிவிடாது. முதலில் சோப்போ சோடாவோ போட்டுக் கறை போகக் கழுவ வேண்டும். அதற்குப் பிறகுதான் கிருமிநீக்கி. கறையின் மேல் தெளித்த கிருமிநீக்கி கறையைத்தான் சுத்தமாக வைத்திருக்கும். பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த, கழுவத் தேவையில்லாத வகை வசதி. குளோரின் பிளீச்சைத் தவிருங்கள். கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பழத்தின் ஃபீனால்களோடு சேர்ந்து மருந்துக்கடை வாடையைக் கொடுக்கும், அந்த வாடை போகவே போகாது.

புதிதாகப் பிழிந்த சாறு என்றால் அதில் ஏற்கெனவே காட்டு ஈஸ்டும் பாக்டீரியாவும் இருக்கும். அவற்றை அடக்கப் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் (சல்ஃபைட், இங்கே சுருக்கமாகக் கந்தகம்) போடுவது வழக்கம். எவ்வளவு என்பதை பி.எச்.தான் தீர்மானிக்கிறது: 3.0 முதல் 3.3 வரை 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு), 3.3 முதல் 3.5 வரை 100, 3.5 முதல் 3.8 வரை 150. 5 லிட்டருக்கு 1 கிராம் தூள் போட்டால் ஏறக்குறைய 100 பிபிஎம் வரும். கேம்ப்டன் மாத்திரையாக இருந்தால் ஒன்றுக்குச் சுமார் 50. தூளின் நெடி மூக்கைப் பிளக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கரையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதையும் குடிக்கக் கொடுக்கும்போது மறக்காதீர்கள். போட்டபின் 24 மணி நேரம் காத்திருந்துதான் ஈஸ்ட் தூவ வேண்டும். அவசரப்பட்டால் காட்டு ஈஸ்டோடு காசு கொடுத்து வாங்கிய ஈஸ்டும் சேர்ந்து சாகும். பெட்டிச் சாறு ஏற்கெனவே சூடாக்கிப் பதப்படுத்தப்பட்டது, அதற்குக் கந்தகம் வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தில் பெக்டின் நொதியையும் (பழத்தின் கூழ்ப்பொருளான பெக்டினைச் சிதைப்பது) போட்டுவிடலாம். கந்தகம் போட்டு அரை நாள் கழித்துப் போடுவது நல்லது. அளவு பாக்கெட்டில் இருக்கும். இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. ஆல்கஹால் ஏற ஏற அந்த நொதியின் வேகம் குறையும். சைடர் மாதக்கணக்கில் தெளியாமல் புகைபோல் நிற்பதற்குப் பெக்டின்தான் வழக்கமான காரணம். சோதிப்பது எளிது: கொஞ்சம் சைடரோடு அதைப்போல் மூன்று நான்கு மடங்கு ஸ்பிரிட்டைக் கலந்து வையுங்கள். நூல் நூலாகவோ கட்டியாகவோ திரண்டால் பெக்டின்.

ஈஸ்ட்

ரொட்டி ஈஸ்டிலும் சைடர் வரும். ஆனால் அது அடியில் இறுகாமல் லேசாக அசைத்தாலும் கலங்கும். ஒயின் ஈஸ்டில் ஈசி-1118 கழுதை மாதிரி. எந்த நிலையிலும் வேலையை முடித்துவிடும், 18 சதவீதம் வரை தாங்கும், 10 டிகிரியிலும் ஓடும். ஆனால் அது விட்டுச் செல்வது எலும்பும் தோலுமான ஒரு வறட்டு சைடர். 71பி வேறு குணம். மாலிக் அமிலத்தில் ஒரு பங்கைத் தானே தின்று புளிப்பைத் தணிக்கும், பழ வாசனையும் தரும். கிரானி ஸ்மித் அதிகமாகப் போன சாற்றுக்கு அது பொருத்தம். ஏற்கெனவே புளிப்பில்லாத சாற்றுக்குப் போட்டால் இருந்த கொஞ்சமும் போய்விடும். எஸ்-04 பீர் ஈஸ்ட். 15 முதல் 20 டிகிரிக்குள் வைத்தால் ஆப்பிள் முகம் நன்றாகத் தெரியும், அடியில் களிமண் மாதிரி இறுகிப் படியும். சாப்பாட்டு ஆப்பிள் சாற்றுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

5 கிராம் பாக்கெட் 20 லிட்டருக்கும் தாங்கும். 5 லிட்டருக்குப் பாதி போட்டு மீதியை மடித்து வைப்பதில் லாபம் இல்லை, ஈரம் பட்டால் வீண்தான், முழுதும் போடுங்கள். போடும் முன் சாற்றை நன்றாகக் குலுக்கிக் காற்று ஏற்றுங்கள். ஈஸ்ட் தன் செல்சவ்வைக் கட்ட ஆக்சிஜன் தேவைப்படும் நேரம் இதுதான். இதற்குப் பிறகு கடைசி வரை காற்று நமக்கு எதிரி.

ஆப்பிள் சாற்றில் நைட்ரஜன் குறைவு. ஈஸ்ட் பட்டினி கிடந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியே விடும். ஏர்லாக்கில் மூக்கை வைத்தாலே அழுகிய முட்டை. இதைத் தவிர்க்க டிஏபி எனப்படும் டை அமோனியம் பாஸ்பேட்டை லிட்டருக்கு 0.3 முதல் 0.5 கிராம் வரை, வைட்டமின் சேர்ந்த ஈஸ்ட் ஊட்டத்தோடு கொடுக்கலாம். இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள்: நுரை கிளம்பும்போது பாதி, சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீர்வதற்குள் மீதி. அதற்குப் பிறகு போட்டால் ஈஸ்ட் தொடாது, வேறு கிருமிகளுக்குத்தான் விருந்து. நுரைத்துக்கொண்டிருக்கும் ஜாடியில் தூளை நேராகக் கொட்டினால் கரைந்திருந்த வாயு மொத்தமாகப் பொங்கி மேஜையெல்லாம் சைடராகும். கொஞ்சம் சாற்றில் கரைத்து ஊற்றுங்கள்.

ஊட்டம் அதிகமானாலும் தொல்லைதான். ஐந்தே நாளில் பாய்ந்து முடிந்த சைடரில் வாசனை எல்லாம் வாயுவோடு ஏர்லாக் வழியே வெளியேறியிருக்கும். மெதுவாக நொதித்ததுதான் மணக்கும்.

முதல் ஒரு மாதம்

ஜாடியில் ஆரம்பத்தில் பத்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும், நுரைக்கு இடம் வேண்டும். 12 முதல் 24 மணி நேரத்தில் மேலே மெல்லிய வெள்ளை வளையம் கட்டும், பிறகு குமிழ் ஓட ஆரம்பிக்கும். பழுப்பாக இருந்த சாறு வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழுப்பாக்கிய சேர்மங்களை ஈஸ்ட் மீண்டும் குறைத்துவிடுவதால் வரும் மாற்றம் அது.

வெப்பம் 15 முதல் 20 டிகிரி. 25-ஐத் தாண்டினால் ஃபியூசல் எனப்படும் கனத்த ஆல்கஹால்கள் அதிகமாகும். நகப்பூச்சு நீக்கி வாடையும் மறுநாள் தலைவலியும் கூடவே வரும். அறை சூடானால் ஜாடியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, மேலே ஈரத்துணி சுற்றி, காற்றாடியைத் திருப்பிவிடுங்கள். நான்கைந்து டிகிரி இறங்கும். தண்ணீரில் உறைந்த பாட்டில் ஒன்றைக் காலை மாலை மாற்றிப் போட்டால் இன்னும் இறங்கும். முதல் நான்கு நாள் இதில் அக்கறை காட்டினால் போதும்; பிறகு ஈஸ்டே உண்டாக்கும் சூடு தணிந்துவிடும்.

குமிழ் நின்றுவிட்டதா என்பதை வைத்து முடிந்துவிட்டதா என்று முடிவுசெய்யாதீர்கள். அறைச்சூடு ஏறினால் செத்த சைடரும் குமிழ் விடும். அடைப்பான் லேசாகக் கசிந்தால் பொங்கும் சைடரும் ஊமையாக இருக்கும். ஹைட்ரோமீட்டர் சொல்வதுதான் சாட்சி. 1.005-க்கு வந்ததும் சைஃபன் வைத்து வேறு ஜாடிக்கு மாற்றுங்கள். குழாயின் நுனி அடிமண்டிக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். மறுநுனி புதிய ஜாடியின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். சலசலவென்று மேலிருந்து விழுந்தால் காற்று கலந்துவிடும். மிச்சமிருக்கும் அந்த ஐந்து புள்ளி சர்க்கரை புதிய ஜாடியில் வாயுவை உண்டாக்கி மேலே இருக்கும் காற்றை வெளியேற்றும், இந்த எண்ணில் மாற்றச் சொல்வது அதற்காகத்தான். இப்போது காலியிடம் கூடாது. கழுத்து வரை, அடைப்பானுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே வரை நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தால் அதே சாற்றையோ பழைய சைடரையோ ஊற்றி நிரப்புங்கள். தண்ணீர் ஊற்றினால் ஏற்கெனவே மெல்லியது இன்னும் மெலியும்.

அப்படியே நான்கு முதல் எட்டு வாரம். 1.000-க்குக் கீழே, 0.998 வரை இறங்கும். ஒரு வார இடைவெளியில் இருமுறை அளந்து எண் மாறாமல் இருந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். பின்னால் இருக்கும் எழுத்து ஜாடி வழியே வாசிக்கும்படி தெளிந்திருந்தால் பாட்டிலுக்குத் தயார்.

இந்தக் காத்திருப்பில் இன்னொன்று தானாக நடக்கலாம். லாக்டிக் பாக்டீரியா, குறிப்பாக ஈனோகாக்கஸ் ஈனி, கூரான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். 1 கிராம் மாலிக்கிலிருந்து 0.67 கிராம் லாக்டிக், மீதி கார்பன் டை ஆக்சைடு. புளிப்பு பல்லைக் கூசவைக்கும் சைடருக்கு இது வரம். மந்தமான சைடருக்கு நஷ்டம். அங்கே 50 பிபிஎம் கந்தகம் போட்டுத் தடுத்துவிடலாம். தெளிந்து அடங்கிய சைடர் வெயில்காலம் தொடங்கும்போது திடீரென்று குமிழ் விட்டால், அது ஈஸ்டின் மறுபிறப்பு என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் இதுதான்.

ருசி பார்த்துத் திருத்துவது

பாட்டிலில் அடைப்பதற்கு முன் ஒரு மாலை இதற்கென்று ஒதுக்குங்கள். புது சைடரில் ஈஸ்ட் வாடை மூடியிருக்கும், அதை மன்னித்துவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். 10 முதல் 12 டிகிரி குளிர்ச்சி போதும். பனிக்கட்டி போலக் குளிர்ந்தால் வாசனை எழும்பாது, குறையும் தெரியாது. ஒயின் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றிச் சுழற்றி முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாக்கெல்லாம் பரவவிட்டு விழுங்குங்கள்.

புளிப்பு எங்கே தெரிகிறது? எச்சில் ஊறுவதில். துவர்ப்பு? ஈறும் கன்னத்தின் உட்புறமும் காய்ந்து இழுப்பதில். பாலில்லாத கடுந்தேநீர் ஆறிப்போய்க் குடித்தால் வருமே, அந்த இழுப்பு. கசப்பு விழுங்கிய பிறகு வருவது. துவர்ப்பையும் கசப்பையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தும் இந்த நிலை.

எது குறைகிறது என்று தெரிந்த பிறகும் மொத்த ஜாடியிலும் எதையும் போடாதீர்கள். 10 கிராம் மாலிக் அமிலத்தைக் கரைத்து 100 மில்லி கரைசலாக்குங்கள். நான்கு கோப்பைகளில் 100 மில்லி சைடர். முதல் கோப்பையில் ஒன்றும் வேண்டாம், அடுத்ததில் அரை மில்லி, அடுத்ததில் 1, கடைசியில் 2. கரைசலில் 1 மில்லி, 100 மில்லி சைடருக்கு லிட்டருக்கு 1 கிராம் என்ற கணக்கு. எது என்று தெரியாதபடி இடத்தை மாற்றி வைக்கச் சொல்லி ருசியுங்கள். பிடித்த கோப்பையின் அளவை 5 லிட்டருக்குப் பெருக்கிக்கொள்ளலாம். மொத்த அமிலம் லிட்டருக்கு 5 முதல் 7 கிராம் இருந்தால் பொதுவாக வாய்க்குச் சமநிலை. டானினுக்கும் இதே முறைதான், கரைசல் மட்டும் பத்தில் ஒரு பங்கு, 100 மில்லியில் 1 கிராம். ஒயின் டானின் தூள் கிடைக்கவில்லையென்றால், 5 லிட்டருக்கு ஒன்றிரண்டு தேநீர்ப் பையை அரைக் கோப்பைக் கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு ஊற்றுங்கள். சாப்பாட்டு ஆப்பிள் சைடருக்கும் குடிக்கத்தக்க சைடருக்கும் நடுவே சில நேரம் இந்த ஒரு பைதான் நிற்கிறது.

இனிப்பு வேண்டும் என்பவர்களுக்குத்தான் சிக்கல். சர்க்கரை போட்டால் ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொள்ளும். குமிழ் இல்லாத சைடர் என்றால் சல்ஃபைடும் பொட்டாசியம் சோர்பேட்டும் சேர்த்துப் போட்டு (சோர்பேட் லிட்டருக்கு 0.2 கிராம்) பிறகு இனிப்பாக்கலாம். சோர்பேட் ஈஸ்டைக் கொல்லாது, பெருகாமல் தடுக்கும், அவ்வளவுதான். அதனால் தெளிந்த சைடரில்தான் அது பலிக்கும். சல்ஃபைட் இல்லாமல் சோர்பேட்டைத் தனியாகப் போட்டால் லாக்டிக் பாக்டீரியா அதைத் தின்று ஜெரேனியம் இலையைக் கசக்கிய வாடையை உண்டாக்கும், மருந்தே இல்லாத வாடை. குமிழும் வேண்டும் இனிப்பும் வேண்டும் என்றால் ஈஸ்ட் தொடாத எரித்ரிட்டால், சைலிட்டால், சுக்ரலோஸ் இவற்றில் ஒன்று. சைலிட்டால் நாய்க்கு விஷம். வீட்டில் நாய் இருந்தால் சிந்தியதைத் துடைத்துவிடுங்கள்.

பாட்டில்

இந்தப் பொழுதுபோக்கில் உடம்புக்குப் பெரிய ஆபத்து வரும் இடம் இது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை, சைடரின் கொள்ளளவுக்குச் சமமான ஒரு மடங்கு வாயுவைக் கொடுக்கும். 20 டிகிரியில் நொதித்த சைடரில் ஏற்கெனவே 0.85 மடங்கு கரைந்திருக்கும். 2.5 மடங்கு வேண்டுமென்றால் லிட்டருக்கு 6.6 கிராம், 5 லிட்டருக்கு 33 கிராம். தராசில் நிறுத்துப் போடுங்கள், தேக்கரண்டிக் கணக்கு வேண்டாம். கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, காலி ஜாடியின் அடியில் முதலில் ஊற்றி, அதன் மேல் சைடரை சைஃபனில் இறக்கினால் தானே கலந்துவிடும்.

1.010-ல் இனிப்பு சரியாக இருக்கிறதே என்று அப்படியே அடைப்பவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். இரண்டு புள்ளிக்குச் சுமார் ஒரு மடங்கு வாயு. 1.000 வரை அது இறங்கினால் 5 மடங்கு. சாதாரண பீர் பாட்டில் 3 மடங்கைத் தாண்டினாலே அபாய எல்லை. பிறகு அது பாட்டில் இல்லை, கண்ணாடிச் சில்லு வெடிகுண்டு. அலங்காரச் சதுர பாட்டில்கள் இன்னும் மோசம், மூலையில்தான் விரியும். நிரப்பும்போது மேலே 3 சென்டிமீட்டர் விடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டிலை மட்டும் குளிர்பானம் வந்த பெட் (பிளாஸ்டிக்) பாட்டிலில் அடைத்து வையுங்கள். விரலால் அமுக்கினால் கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்று அது சொல்லும். அடைத்த அன்று மெத்தென்று அமுங்கும், இரண்டு வாரத்தில் கல் மாதிரி ஆகும். அப்போது எல்லாவற்றையும் குளிர்ந்த இடத்துக்கு மாற்றிவிடலாம். வாயு நிரம்பிய கண்ணாடி பாட்டில்களைச் சுடுநீரில் இறக்கி ஈஸ்டைக் கொல்லும் முறையைப் பலர் சொல்வார்கள். சூட்டில் அழுத்தம் எகிறும் என்பதால் அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கெட்டால்

முட்டை வாடை ஆரம்பத்தில் வந்தால் ஊட்டம் கொடுங்கள். முடிந்த பிறகு வந்தால், சுத்தம் செய்த செம்புத் துண்டால் ஒரு நிமிடம் கலக்கி, படியவிட்டு மாற்றுங்கள். செம்பு சல்ஃபைடைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் வாடை ரப்பர், வெங்காயம் என்று உருமாறும், பிறகு செம்பும் உதவாது.

மேலே வெள்ளைத் தோல் மாதிரி படிந்தால் காற்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். தோலுக்குக் கீழிருந்து சைஃபனில் எடுத்து, 50 பிபிஎம் கந்தகம் போட்டு, கழுத்து வரை நிரப்புங்கள். வினிகர் வாடை ஏறிவிட்டால் திரும்பாது. நல்ல சைடரோடு கலந்து மறைக்கப் பார்க்காதீர்கள், இரண்டும் போகும், வினிகராகவே முடித்துக்கொள்ளலாம். எண்ணெய் போல, முட்டை வெள்ளைக்கரு போல நூலாக ஒழுகினால் அதுவும் லாக்டிக் பாக்டீரியா வேலை. பார்க்க அருவருப்பு, ருசி அவ்வளவாகக் கெடாது. வேகமாக அடித்துக் கலக்கி 100 பிபிஎம் கந்தகம் போட்டால் நூல் அறுந்துவிடும். வாழைப்பழத் தோல் வாடையோடு பால் போலக் கலங்கினால் சைமோமோனாஸ். பி.எச். 3.7-க்கு மேல் இருந்து, சர்க்கரையும் மிச்சமிருந்த சைடரில்தான் அது வரும். பி.எச். மீட்டர் வாங்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம்.

கடைசியாக எலி வாடை. குறைகளில் மிகத் தந்திரமானது இதுதான். கோப்பையை முகர்ந்தால் ஒன்றுமே இருக்காது, முதல் வாயும் நன்றாகவே இருக்கும். விழுங்கிப் பத்து இருபது விநாடி கழித்து, எலிக்கூண்டும் நமத்துப்போன பிஸ்கட்டும் கலந்த ஒரு வாடை தொண்டையிலிருந்து மேலேறும். காரணமான சேர்மம் சைடரின் அமிலத்தில் ஆவியாகாது. வாயில் எச்சில் கலந்து அமிலம் குறைந்த பிறகுதான் கிளம்பும். சிலருக்கு அது தெரியவே தெரியாது, அதனால் ஒருவர் துப்புவதை இன்னொருவர் ரசித்துக் குடிப்பார். சந்தேகம் வந்தால் புறங்கையில் இரண்டு சொட்டு தேய்த்து, காயவிட்டு முகருங்கள். தோலின் மேல் அமிலம் தணிந்து வாடை வெளிவரும். இல்லாவிட்டால் ஒரு வாய் சைடரில் சிட்டிகை சமையல் சோடா போட்டு முகர்ந்தாலும் போதும். காற்றும், குறைவான கந்தகமும், உயர்ந்த பி.எச்.-உம் ஒன்றுசேர்ந்த இடத்தில்தான் இது பிறக்கிறது. வந்துவிட்டால் மருந்து கிடையாது. சாக்கடையில் ஊற்றிவிட்டு, குழாயையும் ரப்பர் அடைப்பானையும் தூக்கிப் போட்டுவிட்டு, கண்ணாடியை மட்டும் கழுவி வையுங்கள்.